இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன், காலைச் சக்கரை ஏன் இன்னும் இறங்கவில்லை?

தங்கச்சி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, அதனால் மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பிள்ளை, இப்போது 30 வாரம். 26-ஆவது வாரத்தில் கிளினிக்கில் இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்ததில் வெறும் வயிற்றில் 5.5 (மில்லிமோல் கணக்கில்), இரண்டு மணி நேரம் கழித்து 8.1 வந்தது. இனிப்புநீர், அதாவது சக்கரை நோய், என்று சொல்லிவிட்டார்கள். சீனி, தே தாரிக், ரொட்டி சானாய் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்தினீர்கள். சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவு இப்போது 6-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் 5.7, 5.9, ஒரு நாள் 6.1. பயந்துபோய் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டீர்கள், அப்படியும் இறங்கவில்லை, இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ எடை குறைந்ததுதான் மிச்சம். டாக்டர் இரவில் இன்சுலின் ஊசி போடச் சொல்கிறார். ஊசி ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது என்கிறார் மாமியார். ஊசியைத் தவிர்க்க இன்னும் எதை நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதை நிறுத்தலாம் என்று கேட்டாலும், எழுத்து முழுக்கத் தெரிவது வேறு ஒன்று. இவ்வளவு வாயைக் கட்டியும் நம்பர் இறங்கவில்லையே, நான் எங்கேயோ தப்பு செய்கிறேன் போலிருக்கிறது என்ற தவிப்பு. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தப்பு செய்யவில்லை. காலை அளவுக்கும் இரவு நீங்கள் சாப்பிட்ட சோற்றுக்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் கிடையாது. இனி நிறுத்த ஒன்றும் இல்லை, நிறுத்தியதில் பாதியைத் திரும்பச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் சொன்ன ஊசி உங்கள் பிரச்சினைக்குச் சரியான மருந்து.

நான் டாக்டர் இல்லை. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களை ஒட்டிய கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்களே, அந்த வேலை. கடைசி வருஷங்கள் முழுக்க இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, அதிலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, ஊசி போடவும் சாப்பாட்டைப் பிரித்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுப்பதே என் வேலையாக இருந்தது. உங்கள் ரோஸ் கலர் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை, ஸ்கேனில் பிள்ளை எவ்வளவு எடை, வயிற்றுச் சுற்றளவு என்ன என்று தெரியாது. ஆகவே எத்தனை யூனிட் போடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட சோறு பன்னிரண்டு, ஒரு மணிக்குள் செரித்து முடிந்துவிடும். அதற்கப்புறம் விடியும் வரை ரத்தத்தில் ஓடும் சக்கரையைக் கொடுப்பது கல்லீரல். வீட்டில் மாதத்துக்கு வாங்கிப்போட்ட அரிசி மூட்டை மாதிரி அது சக்கரையைச் சேர்த்துவைத்திருக்கும், சாப்பாடு வராத நேரத்தில் எடுத்து அளந்து கொடுக்கும், கையிருப்பு தீர்ந்தால் புதிதாகச் செய்யவும் செய்யும். போதும் நிறுத்து என்று அதற்குச் சொல்வது உங்கள் கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களை விடுகிறது, அவை இன்சுலினின் பேச்சை எடுபடாமல் செய்கின்றன. இது நோயால் வருவதில்லை, பிள்ளைக்குச் சாப்பாடு தட்டுப்படக் கூடாது என்று இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அந்த அளவுக்குச் சுரக்க முடிவதில்லை. கல்லீரல் சொல்பேச்சு கேட்காமல் விடிய விடியச் சக்கரையை விட்டுக்கொண்டே இருக்கும், காலையில் நீங்கள் விரலில் குத்திப் பார்ப்பது அதைத்தான். நஞ்சுக்கொடி பெரிதாகப் பெரிதாக இது கூடும், அதனால்தான் அதே சாப்பாட்டுக்கு 26 வாரத்தில் ஒரு நம்பரும் 30 வாரத்தில் இன்னொரு நம்பரும் வருகிறது. இன்னும் சில வாரம் ஏறவும் செய்யலாம், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், அப்போது திரும்பவும் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

ஏன் எனக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31 விழுக்காடு. நம் ஆட்களுக்கு ரத்தத்திலேயே இந்தச் சாய்வு இருக்கிறது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் இன்னும் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கப் தே தாரிக்கால் வந்த வினை இல்லை இது.

சரி, 5.9 என்பது அப்படி என்ன பெரிய அளவு, வீட்டில் மாமனாருக்கு 9, 10 இருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண ஆளுக்கு 5.9 பெரிய விஷயம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு கணக்கு வேறு. வெறும் வயிற்றில் 5.3-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குள் என்பதுதான் இலக்கு. இரண்டு மணி நேரக் கணக்கில் சில இடங்களில் 6.4 என்றும் சில இடங்களில் 6.7 என்றும் எழுதுவார்கள், உங்கள் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் 18-ஆல் பெருக்கிக்கொள்ளவும், 5.3 என்றால் அங்கே 95, 7.8 என்றால் 140.) தாயின் ரத்தத்தில் உள்ள சக்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து சேர்ந்த சக்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும், அந்த இன்சுலின்தான் பிள்ளையைக் கொழுக்கவைக்கிறது, குறிப்பாகத் தோளையும் வயிற்றையும். இதை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே சொன்னார், இன்று வரை அது நிற்கிறது. பெரிய பிள்ளை என்றால் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்வது, ஆபரேஷன், பிறந்தவுடன் பிள்ளைக்குச் சக்கரை திடீரென்று இறங்குவது, இவையெல்லாம் வரிசையில் நிற்கும். கொழுகொழு என்று நாலரைக் கிலோவில் பிறந்தால் நம் ஊரில் கண்ணுபடப் போகிறது என்று சுற்றிப்போடுவார்கள். எனக்கோ அந்த அம்மாவின் சக்கரையை யாரும் பார்த்தார்களா என்றுதான் தோன்றும்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும். தாயின் சக்கரை ஏற ஏறப் பிள்ளையின் எடையும் இந்தத் தொல்லைகளும் ஏறும் என்பது உறுதி. 2008-இல் வெளிவந்த ஹாப்போ என்ற ஆய்வு, ஒன்பது நாடுகளில் ஏறக்குறைய 25,000 கர்ப்பிணிகளை வைத்து இதைக் காட்டியது. அதே ஆய்வுதான் இன்னொன்றையும் காட்டியது: இந்த நம்பரைத் தாண்டினால் ஆபத்து, தாண்டாவிட்டால் பத்திரம் என்று ஒரு கோடு கிடையாது, சிறிது சிறிதாகத்தான் ஏறுகிறது. வெறும் வயிற்றில் இனிப்புநீர் என்று முடிவுகட்டும் 5.1 என்பதும் இலக்காக வைக்கும் 5.3 என்பதும் நிபுணர்கள் உட்கார்ந்து பேசி எங்கேயாவது கோடு போடவேண்டுமே என்று போட்டவை. ஆகவே ஒரு நாள் காலை 5.5 பார்த்தால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழாதீர்கள். வாரம் முழுக்க 5.7-க்கு மேலேயே நிற்பது வேறு கதை, உங்களுக்கு நடப்பது அதுதான்.

ஊசிக்குப் போவதற்கு முன்னால் அளவு எடுப்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். ஒருமுறை ரம்புத்தான் சீசனில் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார், மெஷினில் 12 காட்டுகிறது, நான் ஒன்றுமே சாப்பிடவில்லை மிஸ்ஸி என்று. கையைப் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் சிவப்பாக இருந்தது, பிள்ளைகளுக்குப் பழம் உரித்துக் கொடுத்திருக்கிறார். பைப்பில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அதே விரலில் திரும்பக் குத்தினேன், 6-ஐ ஒட்டி வந்தது. விரலில் ஒட்டியிருக்கும் துளி பழச்சாறு போதும், மெஷினுக்கு அது ரத்தத்துச் சக்கரையா பழத்துச் சக்கரையா என்று தெரியாது. கையைத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்டிரிப் டப்பாவை உடனே மூடிவையுங்கள், நம் ஊர்ப் புழுக்கம் அதைக் கெடுத்துவிடும்.

நேரமும் முக்கியம். உங்கள் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்ட், நாலரை மணிக்கு எழுந்து அவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஏழரை மணிக்கு மெதுவாக உட்கார்ந்து குத்திப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விடிகாலையில் உடம்பு எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கல்லீரல் சக்கரையை இன்னும் தாராளமாக விடும். எழுந்து, கை கழுவி, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் பாருங்கள். ஒரு வாரம் அப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் இதனாலேயே 5.9 எல்லாம் 5.2 ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஊசியைத் தள்ளிப்போட இதை ஒரு சாக்காகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சிலர் கொண்டுவரும் புத்தகத்தில் இரண்டு வார நம்பரும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 5.1, 5.2, 5.1 என்று இருக்கும், மெஷினின் மெமரியைத் தட்டினால் 7.4 என்று வரும். யாரையும் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் பொய் நம்பருக்குக் கொடுக்கும் மருந்தும் பொய்யாகத்தான் இருக்கும்.

இப்போது சாப்பாடு. உங்கள் எழுத்தில் என்னை உறுத்தியது சக்கரை அளவைவிட அந்த ஒன்றரைக் கிலோதான். காலையில் இரண்டு பிஸ்கட், மதியம் கங்கோங் கீரையும் ஒரு முட்டையும், ராத்திரி வெறும் தண்ணீர். இப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய அளவு நன்றாகத்தான் இருக்கும், சாப்பிட்டால்தானே ஏறுவதற்கு! அதைக் கட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மதியம் சாப்பிட்டு மறுநாள் காலை வரை பதினாறு பதினேழு மணி நேரம் வயிறு காய்ந்தால் கல்லீரல் சும்மா இருக்காது, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனும் சேரும், கர்ப்பத்தில் இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் நடக்கும். கீட்டோன் பிள்ளையின் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, ஆனால் நல்லது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை சிறுநீர் சோதிக்கும்போது கீட்டோன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சமைத்த சோறு அரைக் கிண்ணம் என்றால் ஏறக்குறைய 15 கிராம், ஒரு துண்டு ரொட்டியும் அதே அளவு, அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பங்கு வருகிறது. அதை மூன்று வேளைக்கும் நடுவில் இரண்டு மூன்று சிறு தீனிக்கும் பிரிக்கவேண்டும். காலையில் கர்ப்பிணிக்குச் சக்கரை சட்டென்று ஏறும், ஆகவே காலையில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொண்டு மதியமும் ராத்திரியும் மூன்று மூன்று வைக்கலாம். இரண்டு இட்லியோ ஒரு நடுத்தரத் தோசையோ, கூட ஒரு முட்டை, பருப்பு அதிகம் போட்ட சாம்பார். தேங்காய்ச் சட்னி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. மதியம் ஒன்றரைக் கிண்ணம் சோறு, தட்டில் பாதி கீரையும் காயும், மீனோ கோழியோ சோயாவில் செய்த தௌவோ டெம்பேயோ உள்ளங்கை அளவு. முதலில் காயையும் கறியையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று சிறு ஆய்வுகள் உண்டு, செலவில்லாத காரியம், செய்துபாருங்கள். பத்து மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை, மாலையில் ஒரு சின்னக் கொய்யாவோ சீனி போடாத பாலோ. சாப்பிட்ட கையோடு உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிஷம் வாசலில் நடங்கள். வெயிலுக்குச் செம்பனைக் காட்டுப் பக்கமெல்லாம் போகவேண்டாம், வீட்டைச் சுற்றினாலே போதும்.

பழுப்பு அரிசி, பாஸ்மதி என்று காசைக் கொட்டவேண்டுமா என்றால், அளவு கூடிவிட்டால் எந்த அரிசியும் ஏற்றும். பழகிய அரிசியையே அளந்து சாப்பிடுங்கள். நாட்டுச் சக்கரை, கருப்பட்டி, குலா மெலாக்கா, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் சீனிக்கு அண்ணன் தம்பிகள்தான். சூசு மானிஸ் என்று நாம் ஊற்றும் கெட்டிப் பாலில் ஏறக்குறையப் பாதி சீனி, கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவாக) என்று சொன்னாலும் கடைக்காரர் கை தாராளமாகத்தான் இருக்கும், தே ஓ கொசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், என்று கேட்டு வாங்கிப் பழகுங்கள். மைலோவைச் சத்து என்று நினைத்து இரண்டு வேளை குடிப்பவர்கள் உண்டு, அந்தத் தூளிலேயே சீனி இருக்கிறது. டுரியான் சீசன் வரப்போகிறது, ஒரு சுளை சாப்பிட்டால் உலகம் அழியாது, ஒரு பழத்தை முடித்தால் மெஷினே சொல்லும்.

ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்னத் தீனி சாப்பிட்டால் காலை அளவு இறங்குமா என்று பலர் கேட்பார்கள். சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை, ஆய்வுகளிலும் உறுதியாக ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்வது பட்டினி நேரத்தைக் குறைக்க. ஒரு கப் பாலும் இரண்டு சீனியில்லாத கிராக்கரும் போதும். பாகற்காய்ச் சாறு பற்றி மாமியார் சொன்னதை எழுதியிருந்தீர்கள். பாகற்காயைப் பொரியலாக, குழம்பாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பச்சைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது, மாத்திரையாக விற்கும் பாகற்காய், பட்டைத் தூள் கரைசல், இவற்றை இப்போது விட்டுவிடுங்கள், கர்ப்பத்தில் இவை பாதுகாப்பானவை என்று யாரும் நிரூபிக்கவில்லை. வெந்தயமும் அப்படித்தான், தாளிக்கப் போடுவது சாப்பாடு, ஸ்பூன் ஸ்பூனாக முழுங்கினால் அது மருந்துக் கணக்கு.

ஊசிக்கு வருகிறேன். ராத்திரி படுக்கும்போது போடச் சொல்லும் இன்சுலின் பெரும்பாலும் மெதுவாக வேலை செய்யும் கலங்கலான வகை. இன்சுலாட்டார்ட் போன்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். போட்டவுடனே அது பாயாது, நாலைந்து மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வரும், அதாவது விடிகாலை கல்லீரல் ஆட்டம் போடுகிற அதே நேரத்துக்கு. பட்டினியால் முடியாததை அது முடிப்பது இப்படித்தான். சாப்பாட்டுக்குப் பிந்திய அளவு ஏறும் பெண்களுக்கு வேறு வகை, சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது. நீங்கள் சரியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அந்த அளவு ஏறினால் அதுவும் தேவைப்படலாம். முதலில் குறைவாக ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நம்பரைப் பார்த்துக் கூட்டுவார்கள். யூனிட் கூடக் கூட நோய் முற்றுகிறது என்று கலங்கவேண்டாம், நஞ்சுக்கொடி வளர்கிறது, அவ்வளவுதான்.

இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை, மூலக்கூறு பெரியது, இது உறுதியான விஷயம். ஊசி பிள்ளையைக் குத்திவிடுமா என்பது நேரில் கேட்க வெட்கப்பட்டுப் பலர் விட்டுவிடும் கேள்வி. இப்போதைய பேனா ஊசி 4 மில்லிமீட்டர்தான், தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பைத் தாண்டாது. வயிறு இறுகி இருக்கும் மாதங்களில் மனசு கேட்கவில்லை என்றால் விலாப்பக்கமாக, இல்லை தொடையில் போடலாம். மெட்ஃபார்மின் மாத்திரை போதாதா என்று டாக்டரைக் கேட்பதில் தப்பில்லை, நம் நாட்டில் அதையும் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடத்தி 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாத்திரையில் ஆரம்பித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கடைசியில் இன்சுலினும் சேர்க்கவேண்டியிருந்தது. மாத்திரை பிள்ளையிடம் போகும். பிறக்கும்போது தீங்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு எடை எப்படி இருக்கிறது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. இரண்டில் எது என்று உங்கள் டாக்டர்தான் ஸ்கேனையும் பார்த்துச் சொல்லவேண்டும். உங்கள் மாதிரி காலை அளவு மட்டும் அடம்பிடிக்கும்போது என் கை ராத்திரி ஊசிப் பக்கம்தான் நீளும்.

மாமியார் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். தோட்டத்தில் ஊசி என்றாலே பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. லயத்தில் யாராவது தாத்தாவுக்கு ஊசி ஆரம்பிப்பார்கள், ஒரு வருஷத்தில் காலை வெட்டி எடுப்பார்கள், அடுத்து கிட்னி போகும். பார்ப்பவர்கள் ஊசிதான் காலை எடுத்தது என்று முடிவுகட்டுவார்கள். இருபது வருஷம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல், எல்லாம் முற்றிய பிறகு கடைசியில் ஊசிக்கு வந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் விஷயம் அது இல்லை. கர்ப்பத்தால் வந்த இனிப்புநீர் என்றால் நஞ்சுக்கொடி வெளியே வந்த அன்றைக்கே பெரும்பாலும் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு விலக்கு: கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் இனிப்புநீர் இருந்திருந்தால் பிறகும் மருந்து தொடரும், அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை, முன்பே இருந்த நோய் அது. உங்கள் 5.5-ஐயும் 8.1-ஐயும் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வெறும் வயிற்றில் 7-ஐத் தாண்டியிருந்தால் வேறு மாதிரி யோசிக்கவேண்டும். அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மிஸ்ஸி வாயால் கேட்டால் நம்புவார். என் அனுபவத்தில், நேரத்துக்கு ஊசியை எடுத்துக்கொடுத்து ஞாபகப்படுத்துகிற ஆளாகவும் அவர்களே மாறிவிடுவார்கள்.

ஊசியோடு ஒரு ஆபத்தும் வரும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அளவு 4-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பசி பிடுங்கும், தலை கிறுகிறுக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், பதினைந்து நிமிஷத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். சாக்லேட்டும் மைலோவும் அந்த நேரத்துக்கு மெதுவானவை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுப்பது இனி கிடையவே கிடையாது. திறக்காத மருந்தை ஐஸ்பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிடாதீர்கள், உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். தற்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனாவைக் குளிர்ச்சியான மூலையில் வைக்கலாம். தகரக் கூரை வீடு என்றால் மதியம் உள்ளே நன்றாகச் சுடும், ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு நடுவில் சின்ன டப்பாவை வைத்து அதற்குள் பேனாவை வைப்பவர்கள் உண்டு, நல்ல ஏற்பாடு. போடுவதற்கு முன் பேனாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மெதுவாக உருட்டி, மருந்து ஒரே மாதிரி வெள்ளையாக வந்த பிறகு போடுங்கள். பழைய ஊசிகளைக் குப்பையில் வீசாமல் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுங்கள்.

பிள்ளை அசைவை எண்ணச் சொல்லிக் கிக் சார்ட் கொடுத்திருப்பார்கள், அதை நிரப்புங்கள். அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போகவேண்டும். அதே மாதிரி கடைசி வாரங்களில் ஒரு காரணமும் இல்லாமல் சக்கரை அடிக்கடி இறங்கி ஊசியின் தேவை சட்டென்று குறைந்தாலும் நல்ல செய்தி என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், நஞ்சுக்கொடி எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவேண்டும். ஊசியில் இருப்பவர்களுக்குப் பிரசவ நாளைத் தள்ளிப்போக விடமாட்டார்கள், சீக்கிரமே தேதி குறிப்பார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறந்ததும் பிள்ளையின் குதிகாலில் குத்திச் சக்கரை பார்ப்பார்கள். கூடிய சீக்கிரம், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தாய்ப்பால் கொடுத்தால் அது இறங்காமல் இருக்க உதவும்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கனவே இனிப்புநீர் இருந்து இனிமேல்தான் பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் யாராவது இருந்தால், மேலே சொன்னது பாதிதான் உங்களுக்குப் பொருந்தும். பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும் நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே உருவாக ஆரம்பித்துவிடும், ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே மூன்று மாதச் சக்கரை அளவை (HbA1c என்ற ரத்தச் சோதனை) 6.5 விழுக்காட்டுக்குள் கொண்டுவரவேண்டும், ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் முன்கூட்டியே ஆரம்பிக்கவேண்டும், ரத்த அழுத்த மாத்திரையிலும் கொழுப்பு மாத்திரையிலும் சில கர்ப்பத்தில் ஆகாது, மாற்றவேண்டும், கண்ணும் கிட்னியும் சோதிக்கவேண்டும். டாக்டரிடம் முன்பே போங்கள்.

தங்கச்சி, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் அந்த இனிப்புத் தண்ணீர் சோதனையைத் திரும்பவும் செய்யவேண்டும். நான் பார்த்தவரை தோட்டத்துப் பெண்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான், பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் மழையானாலும் வருவார்கள், தனக்கு என்றால் வரமாட்டார்கள். கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆறு வாரத்தில் நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், மூன்றாவது பிள்ளை வந்தால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடவேண்டும். பத்தியத்தில் கருப்பட்டியும் லேகியமும் கரண்டி கரண்டியாக வரும், பூண்டுக் குழம்பையும் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். சோதனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் உட்காரவேண்டியிருக்கும், கைப்பிள்ளையோடு முடியாது. தேதி கொடுத்ததும் வீட்டுக்காரரின் ஷிப்டைப் பார்த்து அன்றைக்கு ராத்திரி வேலையாக மாற்றிக்கொள்ள இப்போதே சொல்லிவையுங்கள்.